பிள்ளைக்குச் சோதனை, தாய்க்குக் கிடைத்தது விடை!

"பையன் சத்தத்தைக் கேட்டால் காதைப் பொத்திக் கொள்கிறானா? தினமும் ஒரே உணவைத்தான் கேட்கிறானா? புதுச் சட்டை போட்டால் உறுத்துகிறது என்று அழுகிறானா?"

டாக்டர் கேட்டுக் கொண்டே போகிறார். தாய் எல்லாவற்றுக்கும் "ஆமாம்" என்கிறாள். பிறகு சற்றுத் தயங்கி, "இதிலென்ன அதிசயம், டாக்டர்? சிறு வயதில் நானும் அப்படித்தானே இருந்தேன்!" என்கிறாள்.

பிரிட்டனில் இன்று இது அபூர்வமான காட்சி அல்ல. பிள்ளைக்கு "ஆட்டிசம்" என்று முடிவு சொன்ன கையோடு, "என்னையும் சோதித்துப் பாருங்கள்" என்று பெற்றவர்களும் வந்து நிற்கிறார்கள்.

ஆட்டிசம் தொற்று நோயல்ல, பைத்தியமும் அல்ல. மூளையின் அமைப்பே பிறவியில் வேறு விதமாக இருப்பது. பிறர் முகக்குறிப்பை அறிவது இவர்களுக்குச் சிரமம். சத்தமும் வெளிச்சமும் பலரைப் பாடாய்ப் படுத்தும். சிலர் பேசவே மாட்டார்கள். சிலர் பட்டம் பெற்று உத்தியோகம் பார்ப்பார்கள்.

டெலிவிஷன் நட்சத்திரம் கிறிஸ்டின் மெக்கின்னஸின் குழந்தைகள் மூவருக்கும் ஆட்டிசம். அது பற்றி அவரும் கணவரும் 2021-ல் பி.பி.சி.க்காக ஒரு படம் எடுத்தனர். அந்த வேலையின் நடுவிலேயே தாயும் சோதனைக்கு உட்பட்டார். அவருக்கும் ஆட்டிசம்தான்! அப்போது அவருக்கு வயது 33.

கூண்டில் நின்ற தாய்மார்கள்

தாய்க்கும் பிள்ளைக்குமுள்ள இந்தச் சாயல் அந்தக் காலத்து டாக்டர்கள் கண்ணில் படாமல் இல்லை. 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதியபோதே பெற்றோரையும் கவனித்தார். மறு வருஷம் வியன்னாவில் ஹான்ஸ் ஆஸ்பெர்கர், தாம் நெருங்கிப் பழக முடிந்த குடும்பங்களிலெல்லாம் பெற்றோரிடமோ உறவினரிடமோ அதே குணம் இருந்ததாக எழுதினார்.

அமெரிக்காவில் இதற்குக் கற்பித்த அர்த்தமோ விபரீதம்! தாய் அன்பு காட்டாததால்தான் குழந்தை இப்படி ஆயிற்று என்றார்கள். "ஐஸ் பெட்டித் தாய்" என்று பட்டமும் சூட்டினார்கள். புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் இதை வைத்து ஒரு பெரிய புத்தகமே எழுதினார். பிள்ளையோடு இரவு பகலாகத் திண்டாடியவளுக்கு இது வேறு!

1969-ல் கானரே பெற்றோர்கள் கூடிய சபையில், அவர்கள் மீது குற்றமில்லை என்று சொன்னார். 1977-ல் வெளியான ஆராய்ச்சி வழக்கைத் தீர்த்தது. ஆராய்ந்தது 21 இரட்டையர் ஜோடிகளை. ஒரே கருவிலிருந்து பிரிந்த 11 ஜோடிகளில், நாலில் இருவருக்குமே ஆட்டிசம். மற்ற 10 ஜோடிகளில் ஒன்றில்கூட அப்படி இல்லை. ஆக, வளர்ப்பில் வந்ததல்ல. பெரும்பாலும் ரத்தத்தில் வருவது. கூண்டில் நின்ற தாய்மார்களில் எத்தனை பேர் தாங்களே ஆட்டிசக்காரர்களோ! அன்று யார் கேட்டார்கள்?

நன்றாகப் பேசிப் படிக்கிறவர்களுக்கும் ஆட்டிசம் இருக்கலாம் என்பது பரவலாகத் தெரிந்ததே, 1981-ல் லண்டன் டாக்டர் லோர்னா விங் எழுதிய பிறகுதான். அவரும் ஆட்டிசமுள்ள ஒரு பெண்ணின் தாயார். இன்று 50 வயதைத் தாண்டியவர்கள் அதற்குள் பள்ளியில் "அசடு", "அடங்காப்பிடாரி" என்று பெயர் வாங்கி முடித்திருந்தார்கள். பெண்கள் பாடு இன்னும் மோசம். தோழிகளைப் பார்த்து அப்படியே நடித்துச் சமாளித்ததால் யாருக்கும் சந்தேகமே வரவில்லை.

நீளும் வரிசை

இங்கிலாந்தில் மனுச் செய்த 3 மாதத்துக்குள் சோதனை தொடங்க வேண்டுமென்பது அளவுகோல். ஆனால், 2025 ஆரம்பத்தில் பெரியவர்களும் குழந்தைகளுமாகக் காத்திருந்தவர்கள் 2 லட்சத்துக்கும் மேல். பலருக்கு வருஷக்கணக்கில் ஆகிறது. மருந்தும் கிடையாது. "இந்த வயதில் தெரிந்து என்ன பயன்?" என்று கேட்பவர்கள் உண்டு. காதைப் பொத்திக் கொள்ளும் பையனை அதட்டுவதை நிறுத்திய தாயைக் கேட்டால் பயனைச் சொல்லுவாள்.

முறை வந்தபின் ஒரு வேடிக்கை. பால்ய காலத்தில் எப்படி இருந்தார் என்று விசாரிக்க, டாக்டர்கள் கூடுமானால் அவரைப் பெற்றவளையே தேடுகிறார்கள். எழுபத்தைந்து வயதுப் பாட்டி வந்து உட்காருகிறாள். மகள் கூட்டத்தைக் கண்டால் மேஜைக்கடியில் ஒளிந்ததையும் ஒரே கவுனைக் கிழியும் வரை போட்டதையும் சொல்லி வருகிறாள். நடுவில், "இதிலென்ன அதிசயம்? நானும் அப்படித்தானே!" என்றும் சொல்லிவிட்டால், டாக்டர் அதையும் தாளில் குறித்துக் கொள்கிறார்.