கால் மணி நேரக் கணக்கு: மரக்காணம் கரைவழி குறித்து ஒரு மறுப்பு

சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர்தான் என்பதால், மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் விமானம் கால் மணி நேரத்தில் கொண்டு சேர்த்துவிடும் என்றும், மரக்காணம் உப்பளங்களின் ஊடே செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் மூன்று மணி நேரத்தைக் கழிப்பது வீண் என்றும் பரவலாகச் சொல்லப்படுகிறது. இக்கணக்கில் வகுத்தல் சரி. வகுபடும் எண்ணும் வகுக்கும் எண்ணும்தான் பிழை.

120 கிலோமீட்டர் என்பது புவிப்பரப்பில் இரு புள்ளிகளை இணைக்கும் மிகக் குறுகிய கோடாகிய பெருவட்டத் தூரம். காற்றை எதிர்கொண்டு எழுந்து, கட்டுப்பாட்டு அறை காட்டும் வழியில் திரும்பி, ஓடுபாதைக்கு நேராக வந்து இறங்கவேண்டிய விமானம் அக்கோட்டின் மீதே பறப்பதில்லை. வேகமும் அவ்வாறே: இவ்வகைக் குறுந்தூரத் தடங்களில் ஓடும் ஏடிஆர் 72 விமானத்துக்கு 500 என்பது உயரத்தை எட்டியபின் கிடைக்கும் வேகம், மேலேறும்போது அது மணிக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர்தான், 120 கிலோமீட்டர் பயணமோ பெரும்பாலும் ஏறுவதிலும் இறங்குவதிலுமே முடிந்துவிடும். நிறுத்துமிடத்திலிருந்து நகரத் தொடங்கி மறு நிலையத்தில் நிற்கும்வரை ஆகும் நேரத்தையே விமானத் துறை 'பிளாக் நேரம்' என்று கணக்கிடுகிறது; சுமார் 270 கிலோமீட்டர் தொலைவுள்ள சென்னை–பெங்களூரு தடத்துக்கே கால அட்டவணை ஒரு மணி நேரத்தை ஒதுக்குகிறது.

சாலை வளைந்து நெளிந்து தூரத்தைக் கூட்டுகிறது என்னும் வாதம் மலைநாட்டுக்குப் பொருந்தலாம், இக்கரைக்குப் பொருந்தாது. கடற்கரை தென்மேற்காக ஏறக்குறைய நேராகவே இறங்குவதால், சாலைத் தூரமான சுமார் 150 கிலோமீட்டர் வான்தூரத்தைவிடக் கால்பங்கே கூடுதல். மரக்காணத்தை நெருங்கியதும் இருபுறமும் பாத்திகளும், வாரி வைத்த உப்பைப் பனையோலை வேய்ந்து மூடிய குவியல்களும், மூட்டை ஏற்ற நிற்கும் லாரிகளும் தென்படும். அங்கேயும் வண்டி தடையின்றியே ஓடுகிறது. (இந்த உப்பு ஒரு காலத்தில் இங்கே முடிவுறும் பக்கிங்காம் கால்வாயில் படகேறிச் சென்னைக்குப் போனது; அதற்கு ஆன நேரத்தை எவரும் குறையாகச் சொல்லவில்லை.) நேரத்தை விழுங்குவது சென்னை நகரின் நெரிசல், மீனம்பாக்கத்துக்குச் செல்லும் விமானப் பயணியும் அதற்குத் தப்ப முடியாது, போதாக்குறைக்கு விமானம் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்னரே அவர் அங்கிருந்தாக வேண்டும்.

மதுரை, பெங்களூரு போன்ற தொலைவுகளில் விமானம் வெல்லும் என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் 2024 டிசம்பரில் புதுச்சேரி லாஸ்பேட்டை நிலையத்திலிருந்து இண்டிகோ தொடங்கிய சேவைகள் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் உரியவை. எனவே மரக்காணத்துக்காரர் வான்வழியே சென்னை செல்ல விரும்பினால், முதலில் எதிர்த்திசையில் சுமார் 35 கிலோமீட்டர் புதுச்சேரிக்குப் போய், பெங்களூரில் விமானம் மாறித் திரும்பிவர வேண்டும். பேருந்திலோ சென்னை அவருக்கு 120 கிலோமீட்டருக்குள்தான்.