கடலோர வயர்லெஸ் கோபுரங்களை ஒரே அலைவரிசையில் இணைத்து அமைக்கக் கோரும் மனு

அனுப்புநர்:
மீனவர் சங்கத்தினர், திருவேட்டக்குடி, காரைக்கால் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சியர், காரைக்கால்;
இயக்குநர், மீன்வளம் மற்றும் மீனவர் நலத்துறை, புதுச்சேரி.

மதிப்பிற்குரிய ஐயா/அம்மையீர்,

எங்கள் துறையிலிருந்து வடக்கே ஓடும் படகு சிறிது நேரத்தில் தரங்கம்பாடிக் கடலில் நிற்கும். தெற்கே திரும்பினால் நாகப்பட்டினம். மாவட்ட எல்லை நிலத்தோடு முடிகிறது, எங்கள் தொழில் முடிவதில்லை. கரையிலிருந்து பேசும் வயர்லெஸ் ஏற்பாடும் அந்த எல்லையில் நின்றுவிடக் கூடாது.

இந்த வயர்லெஸ் பயன்படுத்தும் விஎச்எஃப் அலை ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வது. பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். 30 மீட்டர் கோபுரத்தின் குரல், 3 மீட்டர் உயரத்தில் ஆண்டெனா கட்டிய பைபர் படகை எட்டுவது சுமார் 30 கிலோமீட்டர், அதாவது 16 கடல் மைல் வரைதான். கோபுரத்தை நான்கு மடங்கு உயர்த்தினாலும் அதன் எல்லை இரட்டிப்பாகுமே தவிர, அதற்கு மேல் போகாது. ஆகவே கரை நெடுகப் பல கோபுரங்கள் வேண்டும்.

அவற்றுக்குத் தனித்தனி அலைவரிசை கொடுத்தால், இருட்டில், ஆடும் படகில், ஒரு கையில் வலையைப் பிடித்தபடி சேனல் மாற்ற வேண்டிவரும். ஒத்திசைவு இல்லாமல் ஒரே அலைவரிசை கொடுத்தால், இரு கோபுரங்களின் அலை சந்திக்கும் இடத்தில் பேச்சு குழம்பும். எனவே எல்லாக் கோபுரங்களும் ஜிபிஎஸ் நேரத்தை ஒட்டி, ஒரே குரலை, ஒரே அலைவரிசையில், பிசகாமல் அனுப்பும் சைமல்காஸ்ட் முறையைக் கோருகிறோம். கையடக்க செட்டின் சக்தி பெரும்பாலும் 5 வாட்தான். அதனால் கோபுரந்தோறும் ரிசீவர் வைத்து, எதில் தெளிவாகக் கேட்கிறதோ அந்தக் குரலையே எல்லாக் கோபுரங்களிலும் ஒலிக்கச் செய்ய வேண்டும். படகின் பதில் கேட்காத ஏற்பாடு என்றால் வானொலிப் பெட்டியே எங்களுக்குப் போதும்.

2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மாவட்ட மீனவர் பலருக்கு எச்சரிக்கை போய்ச் சேரவில்லை. அவர்கள் சென்ற தொலைவை இக்கோபுரங்களும் எட்டா. அதற்குச் செயற்கைக்கோள் கருவிதான் வழி. அந்த வகை டிரான்ஸ்பாண்டர் நல்லதுதான், ஆனால் அதில் வருவது குறுஞ்செய்தி. கரைக்கடலில் தொழில் செய்பவருக்கு மனிதக் குரல் வேண்டும்.

புதுச்சேரி, காரைக்கால் கரைகளில் புதுச்சேரி அரசும், கடலூர் முதல் நாகப்பட்டினம் வரையுள்ள தன் கரையில் தமிழ்நாடு அரசும் சேர்ந்து இதை நிறுவ வேண்டும். அலைவரிசை ஒதுக்கீட்டை மத்தியத் தொலைத்தொடர்புத் துறையிடம் கூட்டாகக் கேட்க வேண்டும். 156.8 மெகாஹெர்ட்ஸில் உள்ள 16ஆம் சேனல் ஆபத்து அழைப்புக்கு உரியது. அதைத் தொட வேண்டாம். புயலன்று முதலில் போவது கரண்ட் என்பதால், பாட்டரியும் சோலாரும் கட்டாயம் இருக்க வேண்டும்.

வாடைக் காலத்துக்கு முன் கடலில் அலை எட்டும் தூரத்தை அளக்க அலுவலர்களை அனுப்புங்கள். படகும் டீசலும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
சங்கத் தலைவர், செயலாளர், உறுப்பினர்கள்,
திருவேட்டக்குடி.