பழைய கம்ப்யூட்டரை மாத்தணுமா, சரி பண்ணணுமா? ஒரு டாக்டரின் பதில்

1/ போன மாசம் ஓபியில ஒரு கேள்வி வந்தது. மருந்து சம்பந்தமா இல்ல. சானமாவு பக்கத்துல இருந்து மனைவிக்கு பிரஷர் பார்க்கக் கூட்டிட்டு வந்தவர், சீட்டை வாங்கின பிறகும் எழுந்திருக்கல.

"மேடம், தப்பா நெனச்சுக்காதீங்க. வீட்ல இருக்கிற கம்ப்யூட்டரை மாத்தித்தான் ஆகணுமா? நீங்க படிச்சவங்க, சொல்லுங்க."

2/ விவரம் கேட்டேன். 2016ல வாங்கின டெஸ்க்டாப். பொண்ணு அரசு கலைக் கல்லூரியில பி.காம் ரெண்டாம் வருஷம். கடையில "விண்டோஸ் 10 முடிஞ்சு போச்சு, இனி இது ஓடாது"ன்னு சொல்லி, லேப்டாப், டேப்லெட், ஸ்மார்ட் வாட்ச் மூணும் சேர்ந்த காம்போவைக் காட்டியிருக்காங்க. மாசம் 4,000 ரூபாய், 18 தவணை.

அந்த அண்ணாவுக்கு சிப்காட்டுல கான்ட்ராக்ட் வேலை. ஆறு மாசம் கழிச்சு வேலை இருக்குமான்னு அவருக்கே தெரியாது. அவர் கேட்டது கம்ப்யூட்டர் பத்தி மட்டும் இல்லன்னு எனக்குப் புரிஞ்சது.

3/ நான் கம்ப்யூட்டர் எஞ்சினியர் இல்ல. ஆனா ஹவுஸ் சர்ஜன் ஸ்டைபெண்டுல வாங்கின லேப்டாப்பை இன்னும் ஓட்டிட்டு இருக்கேன். அதுல பட்டுத் தெரிஞ்சுக்கிட்டதைச் சொல்றேன்.

முதல்ல கேட்க வேண்டியது, நோயாளி கிட்ட கேட்கிற அதே கேள்விதான்: என்ன தொந்தரவு? எவ்ளோ நாளா? "பழசாயிடுச்சு" என்பது நோய் இல்ல. 60 வயசுக்காரர் மூச்சு வாங்குதுன்னு வந்தா, "வயசாயிடுச்சு, போங்க"ன்னு அனுப்புவோமா?

4/ தொந்தரவு பொதுவா மூணுல ஒண்ணாத்தான் இருக்கும். ஒண்ணு, மெதுவா இருக்கு. ரெண்டு, பாதுகாப்பு போயிடுச்சு. மூணு, செய்ய வேண்டிய வேலைக்குப் போதல. மூணுக்கும் வைத்தியம் வேற வேற. கடையில மூணுக்கும் ஒரே மருந்துதான் தருவாங்க: புதுசு.

5/ மெதுவா இருக்கா? டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்க. ஒண்ணும் பண்ணாம இருக்கும்போதே "டிஸ்க்" 100 சதவீதத்துல நின்னா, குற்றவாளி பெரும்பாலும் உள்ளே சுத்திட்டு இருக்கிற ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துட்டு எஸ்எஸ்டி போடலாம். சுத்துற தட்டு, நகர்ற முள் எதுவும் அதுல இல்ல. 2022ல என் லேப்டாப்புக்குப் போட்டேன், கூலியோட 2,800 ரூபாய். ஆன் ஆக 4 நிமிஷம் எடுத்தது அரை நிமிஷத்துக்குள்ள வந்தது.

ராம் 4 ஜிபிதான்னா 8 ஆக்குங்க. ஏஐ டேட்டா சென்டர்கள் மெமரி சிப்பை அள்ளிட்டுப் போறதால இப்போ விலை ஏறிட்டு இருக்கு. ஆனாலும் 72,000 ஆகாது.

6/ சின்ன நோய் ஒண்ணு. தேதி தானாவே பழைய வருஷத்துக்குப் போயிடும், எந்த வெப்சைட் திறந்தாலும் "பாதுகாப்பில்லை"ன்னு காட்டும். பல பேர் வைரஸ்னு பயப்படுவாங்க. பெரும்பாலும் மதர்போர்டுல இருக்கிற காசு மாதிரி சின்ன பேட்டரி தீர்ந்திருக்கும். ரிப்பேர் கடையில ரெண்டு நிமிஷ வேலை.

7/ அடுத்தது பாதுகாப்பு. விண்டோஸ் 10க்கு ஆதரவு 2025 அக்டோபர் 14ல முடிஞ்சது உண்மை. அதுக்காக கம்ப்யூட்டர் அன்னைக்கு நிக்காது. புது ஓட்டைகளுக்கு அடைப்பு வராது, அவ்ளோதான். தடுப்பூசி அட்டவணை நின்னு போன குழந்தை மாதிரி: இன்னைக்கு ஓடி விளையாடும், ஆபத்து மெல்லக் கூடும்.

இதை லேசா எடுத்துக்க வேண்டாம். 2017 மே மாசம் வான்னாக்ரை வைரஸ் இங்கிலாந்தோட அரசு மருத்துவ சேவையைத் தாக்கியது. 236 மருத்துவமனை நிர்வாகங்கள்ல குறைஞ்சது 80 பாதிக்கப்பட்டது. ஆயிரக்கணக்கான அப்பாயின்ட்மென்ட் ரத்து. அந்த ஓட்டைக்கான அடைப்பை மைக்ரோசாஃப்ட் ரெண்டு மாசம் முன்னாடியே வெளியிட்டிருந்தது. தாக்குதலுக்கு ஆளானதுல பெரும்பாலானவை அதைப் போடாம விட்ட விண்டோஸ் 7 கம்ப்யூட்டர்கள். அப்டேட் பண்ணாததுதான் வினை.

8/ அப்போ வழி என்ன?

முதல்ல விண்டோஸ் 11 ஏறுமான்னு பாருங்க. இன்டெல்னா பொதுவா 8வது தலைமுறை ப்ராசஸர் முதல் ஏறும், டிபிஎம் 2.0 வேணும்.

ஏறாதா? மைக்ரோசாஃப்ட் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிச்ச பாதுகாப்பு அப்டேட் தருது. மைக்ரோசாஃப்ட் அக்கவுன்ட்ல நுழைஞ்சு செட்டிங்ஸை பேக்கப் பண்ண ஒத்துக்கிட்டா காசு கிடையாது. விண்டோஸ் அப்டேட் பக்கத்திலேயே பதிவு பண்ணலாம்.

அதுக்கு அப்புறம் லினக்ஸ் இருக்கு. மின்ட், உபுண்டு எல்லாம் இலவசம். பக்கத்து கேரளாவுல அரசுப் பள்ளிக் கம்ப்யூட்டர்களே லினக்ஸ்லதான் ஓடுது. பழகக் கொஞ்ச நாள் ஆகும், டேலி மாதிரி விண்டோஸுக்குன்னே எழுதின சாஃப்ட்வேர் நேரா ஓடாது. அதையும் சொல்லிடணும்.

9/ மூணாவது, வேலைக்குப் போதுமா? பி.காம் பொண்ணுக்கு வேண்டியது எக்ஸெல், டேலி, டைப்பிங். பெரிய திரையும் நல்ல கீபோர்டும் இருக்கிற டெஸ்க்டாப்பை தூக்கிட்டு டேப்லெட் வாங்கினா, அவ பாடம் பார்ப்பா. கணக்கு போட்டுப் பழக முடியாது.

10/ "அப்போ புதுசே வேண்டாம்ங்கறீங்களா?" இல்ல. பையன் டூல் டிசைன் படிக்கிறான், 3டி சாஃப்ட்வேர் ஓடணும்னா புதுசு தேவைதான். லேப்டாப் பேட்டரி உப்பி, கீபோர்டைத் தூக்குதுன்னா உடனே ஆஃப் பண்ணுங்க. அது தீ பிடிக்கும், காத்திருக்கிற விஷயம் இல்ல. செலவு, அதே தரத்துப் புதுசோட பாதி விலையைத் தாண்டினா நான் ரிப்பேர் பண்ண மாட்டேன்.

11/ பழசைக் கட்டி அழுததால நானும் அடி வாங்கியிருக்கேன். 2021ல ஒரு வாரமா ஹார்ட் டிஸ்க்ல "டக் டக்"னு சத்தம். கோவிட் டியூட்டி, அப்புறம் பார்க்கலாம்னு விட்டேன். ஒரு காலையில நின்னு போச்சு. என் மகளோட முதல் வருஷ ஃபோட்டோ மொத்தமும் போச்சு, எங்கேயும் காப்பி இல்ல. எதைச் செய்யறதுக்கு முன்னாடியும் ஃபைல்களை வேற இடத்துல காப்பி எடுங்க. இதை மட்டும் தள்ளிப் போடாதீங்க.

12/ தவணை பத்தி. "நோ காஸ்ட்"னு எழுதியிருந்தாலும் செலவு உண்டு. உடனே பணம் கொடுத்தா கிடைக்கிற தள்ளுபடி போயிடும், ப்ராசஸிங் கட்டணம் வரும். வட்டியே இல்லாத தவணைன்னு ஒண்ணு கிடையாதுன்னு ரிசர்வ் வங்கி 2013லேயே வங்கிகளுக்குச் சொல்லியிருக்கு.

13/ காம்போவுல வந்த வாட்ச் "சுகர் கூட பார்க்கும்"னு சொன்னாங்களாம். ஊசி குத்தாம சுகர் அளக்கிறதா சொல்ற வாட்ச், மோதிரம் எதையும் நம்ப வேண்டாம்னு அமெரிக்க எஃப்டிஏ 2024 பிப்ரவரியிலேயே எச்சரிச்சது. புது கருவி வாங்கியே ஆகணும்னா, கையில பட்டை கட்டிப் பார்க்கிற டிஜிட்டல் பிபி மெஷின் வாங்குங்க. அந்த அக்காவுக்கு அதுதான் உபயோகம்.

14/ பேசும்போது அவர் ஃபோன் ரெண்டு தடவை ஆஃப் ஆச்சு. பேட்டரி போயிருக்கு. செகண்ட் ஷிப்ட் முடிஞ்சு ராத்திரி சானமாவு காட்டு ஓரமா பைக்ல போறவர். இப்போ ராகி அறுப்பு நேரம், யானைக் கூட்டம் வர்ற காலம். "யானை ரோட்டுக்கு வந்திருக்கு, அங்கேயே நில்லுங்க"ன்னு வீட்ல இருந்து கூப்பிட்டா ஃபோன் அடிக்கணும் இல்லையா?

"அண்ணா, உங்க வீட்ல முதல்ல சரி பண்ண வேண்டியது கம்ப்யூட்டர் இல்ல, இந்த ஃபோன்"னு சொன்னேன். சிரிச்சார்.

15/ இன்னொண்ணும் சொன்னேன். 2025-26 தமிழக பட்ஜெட்ல, ரெண்டு வருஷத்துல 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு டேப்லெட் அல்லது லேப்டாப்னு அறிவிப்பு இருக்கு. பொண்ணு படிக்கிறது அரசுக் கல்லூரி. அவ பேர் வருமா, எப்போ வரும்னு கல்லூரியில கேட்காம எதுக்கு 18 மாசக் கடன்?

16/ இந்த மாசம் மாத்திரை வாங்க வந்தார். ஃபோனுக்கு பேட்டரி, கம்ப்யூட்டருக்கு எஸ்எஸ்டி போட்டாச்சு. 6வது தலைமுறை ப்ராசஸர், விண்டோஸ் 11 ஏறல. அக்டோபர் வரைக்குமான அப்டேட்டுக்குப் பதிவு பண்ணியிருக்காங்க. பொண்ணுக்குக் கொஞ்சம் வருத்தம்தானாம், ஃப்ரெண்ட்ஸ் எல்லாம் லேப்டாப் கொண்டு வர்றாங்களாம். அந்த வருத்தம் நியாயமானது, நான் அதைச் சின்னதா நினைக்கல. கல்லூரி லேப்டாப் சீக்கிரம் வரட்டும்.

17/ நம்ம ஓசூர் பக்கம் ஐபோன் பாகங்கள் செய்யற ஆலை இருக்கு, மின்சார ஸ்கூட்டர் செய்யற ஆலை இருக்கு. புதுசு புதுசா செஞ்சு அனுப்புற ஊர் இது. அதைச் செய்யற கைகள் தவணையில மாட்டிக்கக் கூடாதுன்னுதான் இவ்ளோ எழுதினேன்.

புதுசு வாங்குறது தப்பில்ல. என்ன நோய்னு தெரியாம மருந்து வாங்குறதுதான் தப்பு.

உங்க பழைய கம்ப்யூட்டருக்கு என்ன தொந்தரவு? கீழே சொல்லுங்க. என்னைவிட விவரம் தெரிஞ்சவங்க இங்க நிறைய பேர் இருக்காங்க.


அரசு மருத்துவர், ஓசூர் வட்டாரம்