கொல்லிப்பாவையும் குடியேற்றக் குலுக்கலும்

நாமக்கல் மாவட்டத்துக் கொல்லிமலை சங்கப் புலவர்களால் பலவாறு பாடப்பெற்ற மலையாகும். கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி ஆண்ட மலையும் அதுவே. அம்மலையின் பெயரைக் கேட்ட அளவில் தமிழ் பயின்றோர் நினைவுக்கு வருவது கொல்லிப்பாவை. தெய்வத்தால் அமைக்கப்பெற்றது என முன்னோர் கருதிய அப்பாவை, தன்னை நோக்கி வருவோரைக் கண்டு புன்னகை பூக்கும். அப்புன்னகையில் மயங்கி நெருங்கியோரின் உயிரைக் குடிக்கும் என்பது மரபுவழி வந்த செய்தி. ஆராயாது நெருங்குதல் அழிவைத் தரும் என்னும் பாடத்தை அக்கதையிலிருந்து நாம் பெறலாம்.

அத்தகைய புன்னகை ஒன்று இன்று கைப்பேசி வழியே நம் மாணவர்களைத் தேடி வருகிறது. "வாழ்த்துகள்! அமெரிக்க நாட்டின் நிரந்தரக் குடியுரிமைக் குலுக்கலில் தாங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளீர்கள்" என்னும் பொருள்பட வரும் செய்தியே அது. எழுபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மலையிறங்கி வந்து பயிலும் கொல்லிமலை மாணவனாயினும், கடற்கரை ஊரிலிருந்து வந்து பயிலும் மாணவியாயினும் இச்செய்தியைக் கண்டு ஒரு கணம் மனம் துள்ளாதிருத்தல் அரிது. அந்த ஒரு கணத்தைக் குறித்தே இக்கட்டுரையில் சிந்திக்க விழைகிறோம்.

பயணம் நமக்குப் புதிதன்று

கடல் கடந்து பொருளீட்டுதலை நாம் குறை கூறவில்லை. காயல்பட்டினம், கீழக்கரை, நாகூர் முதலிய ஊர்களின் வரலாறே சபர் சென்றோரின் வரலாறுதான். பர்மா, மலாயா, சிங்கப்பூர், கொழும்பு எனத் தொடங்கி, பின்னர் வளைகுடா நாடுகள் வரை சென்ற சபராளிகள் அனுப்பிய பொருளால் எழுந்த பள்ளிகளும் கல்லூரிகளும் பலவாகும். கொல்லிமலையில் வாழும் மலையாளிப் பழங்குடியினரும் தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்து குடியேறியவர்கள் என்றே தம் மரபுக் கதையில் கூறுகின்றனர். இன்றும் அம்மலையிலிருந்து கேரளத்துத் தோட்டங்களுக்கும் குடகுக்கும் கூலி வேலை நாடிச் செல்லும் குடும்பங்கள் உண்டு. ஆகவே பிறந்த இடத்தை விட்டுப் பெயர்தல் மலைக்கும் பொது, கடற்கரைக்கும் பொது. செல்லலாமா என்பதன்று வினா. எவ்வழியே செல்வது, எதனை நம்பிச் செல்வது என்பதே வினா.

குலுக்கல் பிறந்த கதை

அமெரிக்காவின் 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஆசியர்க்குக் கதவை அடைத்தது. 1946இல் இந்தியர்க்கு ஆண்டொன்றுக்கு நூறு பேர் என்னும் சிறு வழி திறந்தது. 1965ஆம் ஆண்டுச் சட்டமோ நாட்டின் பெயரால் அமைந்த பழைய ஒதுக்கீட்டை நீக்கி, தொழில்திறனுக்கும் குடும்ப உறவுக்கும் முதன்மை தந்தது. அவ்வழியே இந்திய மருத்துவர்களும் பொறியாளர்களும் பெருமளவில் சென்றனர். மறுபுறம் அயர்லாந்து போன்ற ஐரோப்பிய நாட்டினரின் வருகை குறைந்தது. அக்குறையை ஈடுசெய்யும் முயற்சியாக 1986இல் தொடங்கிய தற்காலிக ஏற்பாடுகளின் தொடர்ச்சியாகவே, 1990ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி 'பன்முகக் குடியேற்ற விசா' என்னும் குலுக்கல் உருவாயிற்று. 1995ஆம் நிதியாண்டு முதல் ஆண்டுதோறும் 55,000 விசாக்கள் இதற்கென ஒதுக்கப்பட்டன. 1997இல் இயற்றப்பட்ட மற்றொரு சட்டம் அதிலிருந்து 5,000 வரை பிறிதொரு பணிக்கு எடுத்துக்கொள்ள வழி செய்தது.

இக்குலுக்கலின் அடிப்படை விதியை நம்மவர் பலர் அறிந்திலர். முந்தைய ஐந்தாண்டுகளில் 50,000க்கு மேற்பட்டோர் குடும்ப உறவு, வேலைவாய்ப்பு ஆகிய வழிகளில் எந்நாட்டிலிருந்து அமெரிக்காவில் குடியேறினரோ, அந்நாட்டில் பிறந்தவர்க்குக் குலுக்கலில் இடமில்லை. இவ்விதியால் இந்தியாவில் பிறந்தோர் தொடக்கம் முதலே விலக்கப்பட்டுள்ளனர். கொல்லிமலைச் செம்மேட்டில் பிறந்தாலும் சரி, சென்னை மண்ணடியில் பிறந்தாலும் சரி, இவ்விதி ஒன்றே. பின்னாளில் சிங்கப்பூர்க் குடியுரிமையோ கனடாக் குடியுரிமையோ பெற்றாலும் பயனில்லை. ஏனெனில் இங்கே கணக்கிடப்படுவது குடியுரிமை அன்று, பிறந்த நாடே.

இதனை இழிவாகக் கருத வேண்டுவதில்லை. நம் நாட்டினர் கல்வியாலும் தொழில்திறனாலும் முன்வாயில் வழியே சென்றதனாலும், சென்றோர் தம் உறவினரை அழைத்துக்கொண்டதனாலும் அன்றோ இப்பக்கவாயில் நமக்கு அடைபட்டது! அடைபட்ட அக்கதவுக்கு முன்னால் நின்று, அதனைத் திறந்துவிடுவதாகக் கூறிப் பணம் கேட்பவனை நம்புவதுதான் இழிவு.

விலக்கும் உண்டு

விதிக்கு விலக்குகள் சில உள. தந்தை வளைகுடாவில் பணியாற்றியபோது துபாயிலோ குவைத்திலோ பிறந்த பிள்ளை, இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பினும், பிறந்த நாட்டின் பெயரால் விண்ணப்பிக்க இயலும் என்பதே விதி. அத்தகையோர் நம் வகுப்பறைகளிலேயே உள்ளனர். இலங்கையும் விலக்கப்பட்ட நாடுகளின் பட்டியலில் இடம்பெறவில்லை. ஆகவே இலங்கையில் பிறந்து, தமிழகத்து மறுவாழ்வு முகாம்களில் வாழும் தமிழர்க்கும் இவ்விதி பொருந்தும். கணவனோ மனைவியோ தகுதியுள்ள நாட்டில் பிறந்திருப்பின், அவர் பிறப்பைக் காட்டி இருவரும் இணைந்து விண்ணப்பிக்கலாம். பன்னிரண்டாண்டுப் பள்ளிக் கல்வி, அல்லது இரண்டாண்டுப் பயிற்சி தேவைப்படும் தொழிலில் அண்மை ஐந்தாண்டுகளுக்குள் இரண்டாண்டு அனுபவம் என்பது தகுதி. ஓராண்டில் ஒருவர் ஒரு முறைக்கு மேல் விண்ணப்பித்தால் எல்லா விண்ணப்பமும் தள்ளுபடியாகும்.

இவ்வளவும் பொருந்தியவர்க்குக் கிட்டும் வாய்ப்பு எத்துணை? 2025ஆம் நிதியாண்டுக்கான குலுக்கலுக்கு வந்த விண்ணப்பங்கள் ஏறத்தாழ 2 கோடி. தேர்ந்தெடுக்கப்பட்டோர், குடும்பத்தினரையும் சேர்த்து, ஏறத்தாழ 1,31,000 பேர். அவர்களுக்கென இருந்த விசாக்களோ 55,000க்கும் குறைவு. அதாவது, குலுக்கலில் பெயர் விழுந்தவரிலும் பாதிக்கு மேற்பட்டோர்க்கு இடமில்லை. செப்டம்பர் 30ஆம் நாளுக்குள் விசா கிட்டாவிடில் அவ்வாய்ப்பு அத்துடன் அற்றுப்போகும். 2011 மே மாதம் ஏறத்தாழ 22,000 பேர்க்குத் தேர்வானதாகத் தெரிவித்துவிட்டு, கணினிப் பிழையால் தேர்வு முறையாக நடைபெறவில்லை எனக் கூறி அம்முடிவை நீக்கி, மீண்டும் குலுக்கியதும் வரலாறு. 2025 டிசம்பரில் இத்திட்டத்தையே நிறுத்தி வைப்பதாக அமெரிக்க அரசு அறிவித்தது. ஒருவன் தன் வாழ்வை இத்தகைய மணற்மேட்டின் மீது கட்டலாமா?

ஏமாற்றுவோர் கைவரிசை

2025இல் ஒரு டாலர் பதிவுக் கட்டணம் அறிவிக்கப்படும் வரை இவ்விண்ணப்பத்திற்குக் கட்டணமே இருந்ததில்லை. தேர்வானவர் செலுத்தும் 330 டாலர் கட்டணமும் நேர்காணலின்போது தூதரகத்தில் செலுத்தப்படுவதே ஆகும். தேர்வானோர்க்கு அமெரிக்க அரசு மின்னஞ்சல் வழியே அச்செய்தியை அனுப்புவதும் இல்லை. விண்ணப்பித்தவரே தம் பதிவெண்ணைக் கொண்டு அரசுத் தளத்தில் பார்த்துக்கொள்ள வேண்டும். இம்மூன்று செய்திகளையும் அறிந்தவனை எவனும் ஏமாற்ற இயலாது. விண்ணப்பமே செய்யாத ஒருவனுக்கு வரும் வாழ்த்துச் செய்தி எத்தகையது என்பதை விளக்கவும் வேண்டுமோ?

தமிழக அரசு 2003இல் பரிசுச் சீட்டு விற்பனையைத் தடை செய்தபோது, அன்றாடக் கூலியைச் சீட்டுக் கடையில் இழந்த எத்தனையோ குடும்பங்கள் பெருமூச்சு விட்டன. தெருமுனைக் கடை மூடப்பட்டது. ஆயின் அதே ஆசை வேறு உருக்கொண்டு கைப்பேசிக்குள் புகுந்துள்ளது. சீட்டுக் கடை பணத்தை மட்டும் பறித்தது. குடியேற்ற மோசடியோ கடவுச்சீட்டு எண்ணையும், பிறந்த நாளையும், நிழற்படத்தையும் சேர்த்தே பறிக்கிறது.

முயன்று பார்ப்பதில் இழப்பென்ன?

"முயன்று பார்ப்பதில் என்ன இழப்பு?" எனச் சிலர் கேட்கலாம். தகுதியுடையவர், திட்டம் நடைபெறும் ஆண்டில் தாமே விண்ணப்பித்துவிட்டு, அதனை மறந்து தம் பணியைப் பார்ப்பாராயின் இழப்பொன்றும் இல்லை. இழப்பு காத்திருப்பில் உள்ளது. "எப்படியும் போய்விடுவேன்" என்னும் நினைவில் மேற்படிப்பைத் தள்ளிப்போடுவதும், கிடைத்த வேலையை ஏற்காதிருப்பதும், தாயின் நகையை அடகு வைப்பதும் மீட்க இயலாத இழப்புகள்.

கல்வியின் வழியும் இன்று எளிதன்று என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை. எந்த ஒரு நாட்டினர்க்கும் நூற்றுக்கு ஏழுக்கு மேல் இல்லை என்னும் வரம்பினால், வேலைவாய்ப்பு வழியில் நிரந்தரக் குடியுரிமை நாடும் இந்தியர் நீண்ட நெடுங்காலம் காத்திருக்கின்றனர். தற்காலிக வேலைக்கான எச்-1பி விசாவும் ஆண்டுக்கு 85,000 என்னும் வரம்புக்குள் குலுக்கல் முறையில் வழங்கப்பட்டு வந்தது. 2025 செப்டம்பரில் புதிய விண்ணப்பங்களுக்கு ஒரு இலட்சம் டாலர் கட்டணமும் அறிவிக்கப்பட்டது. ஆயின் வேறுபாடு ஒன்று உண்டு. சீட்டு விழாதவன் கையில் எஞ்சுவது யாதுமில்லை. கற்றவன் கையில் கல்வி எஞ்சும். அமெரிக்கா மறுத்தால் அதே தகுதியைக் கொண்டு அவன் வேறு நாட்டை நாடலாம். கனடா 1967 முதலே கல்வி, மொழியறிவு, அனுபவம், வயது ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டு ஆள் தேரும் முறையைக் கைக்கொண்டது. எங்கும் செல்லாவிடினும் அத்தகுதி சொந்த ஊரிலேயே சோறு போடும்.

நம் கடமை

இவ்விதிகளை ஆங்கிலத்தில் படித்தறிந்து சொல்ல வீட்டில் ஒருவர் உள்ள மாணவன் தப்பிவிடுவான். கொல்லிமலையிலிருந்து தன் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவனுக்கும், எழுத்தறியாத் தாயின் மகளுக்கும் அத்துணை யார்? அங்கேதான் ஆசிரியரும் சமுதாயப் பெரியோரும் நிற்க வேண்டும். ஒவ்வொரு கல்லூரியிலும் வெளிநாட்டுக் கல்வி, வேலை, குடியேற்றம் ஆகியவை பற்றிய விதிகளைத் தமிழில் விளக்கும் சிறு வழிகாட்டு மையம் அமையட்டும். ஒவ்வொரு ஜமாஅத்திலும் சபர் சென்று திரும்பிய முதியோர் மாதம் ஒரு நாளேனும் இளைஞர்க்கு அறிவுரை கூறட்டும். 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பதிவு பெறாத முகவர் வெளிநாட்டு வேலைக்கு ஆள் சேர்த்தல் குற்றம் என்பதையும், இணையவழியில் பணம் இழந்தோர் உடனே 1930 என்னும் எண்ணில் முறையிடலாம் என்பதையும் அறிவிப்புப் பலகையில் எழுதி வைப்போம்.

ஏமாந்த பிள்ளையை ஏசுதல் எளிது. அவன் ஏமாறுமுன் விதியைப் படித்துச் சொல்லுதல் சற்றே கடினம். கற்றவர்க்கு அக்கடினம் கடனாகும். அக்கடனை நம் கல்லூரியிலிருந்தே, இவ்வாண்டிலிருந்தே தொடங்குவோமாக.