நாணயம் என்னும் பெயர் தகுமா?

தமிழில் 'நாணயம்' என்னும் சொல்லுக்கு இரு பொருள் உண்டு. அச்சிட்ட காசும் நாணயம். சொன்ன சொல் தவறாத பண்பும் நாணயம். நாணயமானவர் என்று ஊரார் ஒருவரைப் போற்றும்போது அவர் மடியிலுள்ள காசை எண்ணிப் பார்த்துச் சொல்வதில்லை. கொடுத்த வாக்குக்கு அவர் பொறுப்பேற்பார் என்பதையே சொல்கின்றனர். காசுக்கும் பண்புக்கும் ஒரே பெயர் அமைந்தது தற்செயலாகவும் இருக்கலாம். ஆயினும் பணத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்பதை அது காட்டிவிடுகிறது. காசுக்குப் பின்னால் ஒரு வாக்கு; வாக்குக்குப் பின்னால் அதற்குப் பொறுப்பேற்கும் ஒருவர். இவ்விரண்டும் இல்லாத ஒன்றை 'மறைகுறி நாணயம்', 'எண்ணிம நாணயம்' என்றெல்லாம் பெயர் சூட்டி இன்று வகுப்பறை வரை அழைத்து வந்துவிட்டனர். அதுவே எதிர்காலப் பணம் என்று மாணவர் எழுதினால் ஆசிரியரும் மறுப்பின்றி மதிப்பெண் இடுகின்றார். இப்பெயர் அதற்குத் தகுமா என்று கேட்பார் அரியர்.

2008 அக்டோபர் 31ஆம் நாள், சதோஷி நகமோட்டோ என்னும் புனைபெயரில் ஒன்பது பக்க ஆய்வுரை ஒன்று வெளிவந்தது. பெரும் வங்கிகள் சரிந்துகொண்டிருந்த காலம் அது. வங்கியும் வேண்டா, அரசும் வேண்டா; கணினிகள் பல கூடி ஒரே பேரேட்டைக் காக்கும்; யாரையும் நம்ப வேண்டிய தேவையில்லை என்பது அதன் சாரம். 2009 ஜனவரியில் பிட்காயின் இயங்கத் தொடங்கியது. அதன் மொத்த எண்ணிக்கை 2 கோடியே 10 இலட்சத்தைத் தாண்டாது என்பதும் விதியாயிற்று. கணித நுட்பம் என்ற அளவில் இது வியந்து போற்றத்தக்கதே. அதனை மறுப்பது அறிவுடைமையன்று. ஆனால், யாரையும் நம்ப வேண்டியதில்லை என்பதைத் திருப்பிப் போட்டால் கிடைப்பது யாது? எவரும் பொறுப்பில்லை என்பதன்றோ?

2010 மே 22ஆம் நாள் அமெரிக்காவின் புளோரிடாவில் ஒருவர் பத்தாயிரம் பிட்காயின் கொடுத்து இரண்டு பீட்சா பெற்றுக்கொண்டார். பிட்காயினைக் கொண்டு பொருள் வாங்கிய முதல் நிகழ்ச்சியாக அது பேசப்படுகிறது. 2024 டிசம்பரில் ஒரு பிட்காயின் ஓர் இலட்சம் அமெரிக்க டாலரைக் கடந்தபோது, அந்த இரண்டு பீட்சாவின் விலை நூறு கோடி டாலருக்கு மேலாயிற்று. ஆண்டுதோறும் அந்நாளைக் கொண்டாடுவோரும் அம்மனிதரை நினைத்து நகைக்கவே செய்கின்றனர். இங்கேதான் இவர்களுடைய கொள்கை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கிறது. பணத்தைப் பணமாகப் பயன்படுத்தியவர் ஏமாளி. செலவிடாமல் பூட்டி வைத்தவர் மேதை! செலவிட்டவனை மூடனாக்கும் பொருள் எவ்வாறு பணமாகும்? விலை ஏறும் என்று நம்புகின்றவன் அதனைக் கொடுக்க மாட்டான். இறங்கும் என்று அஞ்சுகின்றவன் அதனை வாங்க மாட்டான்.

மலாயாத் தமிழர்க்குப் பொறுப்பற்ற பணத்தின் முடிவு புதிய செய்தியன்று. 1942 முதல் 1945 வரை ஜப்பானியர் வெளியிட்ட தாள்களில் பத்து வெள்ளித் தாள் வாழைமரம் பொறித்தது. அதனாலேயே அப்பணம் முழுவதற்கும் வாழைமரத்தின் பெயர் ஒட்டிக்கொண்டது. தொடக்கத்தில் வரிசை எண் இருந்தது. பின்னர் அதுவும் இன்றித் தாள்கள் அச்சாகிக் குவிந்தன. அன்றும் அப்பணத்தை ஏற்காத கடை இல்லை. ஏற்க மறுக்க யாருக்குத் துணிவிருந்தது? 1945இல் ஜப்பான் சரணடைந்தது. திரும்பி வந்த ஆங்கில இராணுவ நிருவாகம் அது செல்லாது என்றது. தகரப் பெட்டியில் சேர்த்து வைத்த கூலி ஒரே நாளில் வெறுங் காகிதமாயிற்று.

வரம்பின்றி அச்சிட்டமையால் அது அழிந்தது, பிட்காயினுக்கோ வரம்பு உண்டு என்று எதிர்வாதம் செய்வர். வரம்பு பிட்காயினுக்கு மட்டுமே உண்டு. அதைப் போன்ற மற்றொன்றை உண்டாக்குதற்கு வரம்பில்லை. ஆயிரக்கணக்கில் அவை தோன்றியிருக்கின்றன. தோன்றிய வேகத்தில் மறைந்தவையும் மிகப் பல. மேலும், அருமை ஒன்றே மதிப்பாகிவிடாது. மதிப்பு என்பது நாளை இதனை ஏற்க யார் கடமைப்பட்டவர் என்னும் கேள்விக்கு உரிய விடையில் இருக்கிறது. மலேசிய ரிங்கிட்டைக் கடைக்காரர் ஏற்பார். வரியாக அரசும் ஏற்கும். பிட்காயினை ஏற்கக் கடமைப்பட்டவர் ஒருவரும் இல்லர்.

அக்கடமையைச் சட்டத்தால் உண்டாக்க ஒரு நாடு முயன்றதுண்டு. நடு அமெரிக்காவின் எல் சால்வடோர் 2021 செப்டம்பர் 7ஆம் நாள் பிட்காயினைச் சட்டமுறைப் பணமாக்கியது. 2001 முதல் அங்கு வழங்கி வந்தது அமெரிக்க டாலர். குடிமக்களின் கைப்பேசிக்கு 'சீவோ' என்னும் செயலியையும், அதனுள் 30 டாலர் பெறுமான பிட்காயினையும் அரசே வழங்கியது. மக்களும் பெற்றுக்கொண்டனர். பலர் அந்த 30 டாலரைச் செலவிட்டபின் செயலியைத் திறக்கவேயில்லை. சந்தையில் காய்கறி விற்கும் பெண்ணுக்குக் காலையில் பெற்ற காசு மாலையிலும் அதே காசாக இருக்க வேண்டும். அவ்வளவுதான் அவள் அறிந்த பொருளியல். அதுவே சரியான பொருளியலும் ஆகும். 2024 டிசம்பரில் அனைத்துலகப் பண நிதியத்துடன் 140 கோடி டாலர் கடனுக்கு உடன்பாடு கண்ட அரசு, 2025 ஜனவரியில் சட்டத்தைத் திருத்தியது. வணிகர் விரும்பினால் ஏற்கலாம். வரியைப் பிட்காயினில் செலுத்த இயலாது. தன் வரியைத் தானே அப்பணத்தில் பெற மறுத்த பின் அந்த அரசின் ஏற்புக்கு என்ன பொருள்?

பணமாக இல்லையேனும் முதலீடாக ஏற்கலாமே என்பார் உளர். 2024 ஜனவரியில் அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் பிட்காயின் நிதிகளுக்கு இசைவளித்ததைச் சான்று காட்டுவர். அதே நாளில் அவ்வாணையத்தின் தலைவர், இது பிட்காயினைப் பரிந்துரைப்பதாகாது என்று கூறியதை மட்டும் விட்டுவிடுவர். இரப்பர்த் தோட்டம் பால் தரும்; வீடு வாடகை தரும்; பிட்காயின் யாது தரும்? அடுத்து வருபவன் கூடுதல் விலை கொடுப்பான் என்னும் நம்பிக்கை ஒன்றைத் தவிர வேறு விளைச்சல் அதற்கில்லை. வள்ளுவர் சூதுக்கென ஓர் அதிகாரம் வகுத்தது வெறும் அலங்காரத்துக்கன்று.

தோட்டப்புறங்களில் கூட்டுப் பிடிப்பது பழைய வழக்கம். அதில் ஏமாந்தோர் பலர். 1971ஆம் ஆண்டுச் சட்டம் அதனை மலேசியாவில் தடையும் செய்தது. எனினும், கூட்டுப் பிடித்தவர் யார், எந்த வீட்டில் குடியிருப்பவர் என்பது தெருவுக்கே தெரியும். சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஒரு நிறுவனம் உருவாக்கிய 'டெர்ரா' எப்போதும் ஒரு டாலருக்கு நிகராக நிற்கும் என்றனர். அதை இட்டு வைத்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு இருபதளவு வட்டி என்றும் ஆசை காட்டினர். 2022 மே மாதத்தில் அதுவும் அதன் துணையாகிய 'லூனா'வும் சில நாள்களில் சரிந்து, ஏறத்தாழ 4,000 கோடி டாலர் மறைந்தது. இழந்தவர் போய்த் தட்டுதற்கு எந்தக் கதவு இருந்தது? அவ்வாண்டு நவம்பரில் 'எப்டிஎக்ஸ்' சந்தை வீழ்ந்தபோது, சிங்கப்பூரின் தெமாசெக் நிறுவனமே 27 கோடியே 50 இலட்சம் அமெரிக்க டாலரைத் தள்ளுபடி செய்ய நேர்ந்தது. வல்லுநர் பலரை வைத்திருப்போர்க்கே இந்நிலை எனில், சேமநிதிப் பணத்தை எண்ணி எடுத்து வைக்கும் ஓய்வு பெற்ற ஆசிரியரின் நிலை என்னாகும்?

பணவீக்கத்தால் நலிந்த நாடுகளில் இத்தொழில்நுட்பம் மக்களுக்குக் கைகொடுக்கிறது என்பதில் உண்மை உண்டு. ஆனால், அர்ஜென்டினா போன்ற நாடுகளில் மக்கள் மிகுதியாக நாடுவது டாலருக்கு நிகராகப் பிணைத்த வில்லைகளையே. அவற்றை வெளியிடுவோர் ஈடாக டாலரையும் குறுங்கால அரசுக் கடன்பத்திரங்களையும் வைத்திருக்க வேண்டும் என்று 2025 ஜூலையில் அமெரிக்கா சட்டம் இயற்றியது. வங்கியும் அரசும் வேண்டா என்று புறப்பட்டவர்கள் பதினாறு ஆண்டு நடந்து, அரசின் கருவூல வாசலுக்கே வந்து சேர்ந்தனர்!

மலேசியாவில் பிட்காயின் சட்டமுறைப் பணமன்று. 2019 ஜனவரி முதல் இத்தகையவை பங்குப் பத்திரங்களுக்குரிய சட்டத்தின்கீழ் வைத்து நோக்கப்படுகின்றன. சிங்கப்பூரின் 2019ஆம் ஆண்டுச் சட்டம் இவற்றுக்கு இட்ட பெயர் 'எண்ணிமக் கட்டண வில்லை' என்னும் பொருள்படுவது. சட்டம் எழுதியோர் காட்டிய இந்த எச்சரிக்கையைச் சொல்லைக் காப்போர் காட்டலாகாதா? மறைகுறி வில்லை என்று எழுதினால் பொருள் குன்றாது. அடுத்த ஆண்டுக் கட்டுரைத் தலைப்புகளை வகுக்கும்போது ஆசிரியர்கள் அவ்வாறே எழுதட்டும். 'நாணயம்' என்று எழுதிவரும் மாணவனிடம், இதற்குப் பொறுப்பேற்பவர் யார் என்று ஓரத்தில் சிவப்பு மையால் கேட்கட்டும்.