அகலம் பார்த்து மயங்காதீங்க!

புனேயில் நம்ம ஊர்க் குடும்பங்கள் கூடினால் இப்போதெல்லாம் இந்தக் கேள்வி வந்துவிடுகிறது: "பையன் கேம் விளையாட அல்ட்ராவைட் மானிட்டர் கேக்கறான், வாங்கலாமா சார்?" என் பதில்: அவசரப்படாதீங்க.

மானிட்டருக்குச் சொல்லும் அங்குலம் மூலைக்கு மூலை அளவு. 29 அங்குல அல்ட்ராவைடின் (21:9) உயரம் சுமார் 11.3 அங்குலம்தான். சாதாரண 23 அங்குல (16:9) மானிட்டருக்கும் அதே உயரம்! 27 அங்குலத்தின் உயரம் வேண்டுமென்றால் அல்ட்ராவைடில் 34 வாங்கணும். அதன் அகலம் 31 அங்குலத்துக்கு மேல். வாடகை வீட்டு மேசையை முதலில் அளந்து பாருங்க.

அடுத்தது கிராபிக்ஸ் கார்டு. 2560×1440 திரையில் சுமார் 37 லட்சம் பிக்சல், 3440×1440-ல் 49.5 லட்சம். மூன்றில் ஒரு பங்கு கூடுதல் வேலை. பட்ஜெட் கார்டுக்கு மூச்சு வாங்கும்.

கார் பந்தயமும் விமான சிமுலேட்டரும் அகலத் திரையில் தனி சுகம், மறுக்கவில்லை. ஆனால் 2022-ல் வந்த எல்டன் ரிங் மாதிரி பெரிய கேமே இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டையோடுதான் வந்தது. காசு கொடுத்து வாங்கிய அகலம் அங்கே சும்மா கிடக்கும்.

என் ஓட்டு 27 அங்குலம், 2560×1440, 144 ஹெர்ட்ஸ். மிச்சப் பணம் கார்டுக்கு. நாளைக்கே வேறு ஊருக்கு மாற்றல் வந்தாலும் கட்டித் தூக்கிப்போக அதுதான் சுலபம். அட்டைப் பெட்டியை மட்டும் பழைய பேப்பர்காரரிடம் போட்டுடாதீங்க!