சார்பகம் தெரியாத சென்டம்

எங்க நாமக்கல் பக்கத்துல ப்ளஸ் ஒன்னுங்கறது ரொம்ப நாளா பேருக்கு ஒரு வகுப்பு. விடுதிப் பள்ளிகள் பலதுல ரெண்டு வருசமும் ப்ளஸ் டூ பாடம்தான் ஓடும். 'பிராய்லர் பள்ளி'னு ஊரே கிண்டல் பண்ணுச்சு, அட்மிஷன் மட்டும் குறையலை. இதைத் தடுக்கத்தான் 2017-18ல ப்ளஸ் ஒன்னுக்கும் பொதுத்தேர்வு வந்துச்சு. 2018லயே காலேஜ் அட்மிஷனுக்கு அந்த மார்க் வேண்டாம்னாங்க. 2025-26லேர்ந்து தேர்வே கிடையாது.

"ப்ளஸ் ஒன் கணக்கைத் தாண்டிப் போனா என்ன குடியா முழுகிடும்?"னு கேக்கறவங்களுக்கு ஒரே ஒரு உதாரணம்: சார்பகம். பத்தாங்கிளாஸ்ல 'மதிப்பகம்', இன்ஜினியரிங்ல 'டொமைன்'. ஒரு சார்புக்குள்ள எந்தெந்த எண்ணைப் போடலாம்ங்கறதுதான் விஷயம். பெரும்பாலும் மூணே கேள்வி. பின்னத்துல கீழ பூஜ்ஜியம் வருதா? வர்க்கமூலத்துக்குள்ள மைனஸ் வருதா? லாக்குக்குள்ள பூஜ்ஜியமோ மைனஸோ வருதா? வந்தா அந்த எண்ணைத் தூக்கி வெளிய போடு.

மேல √(எக்ஸ் − 3), கீழ (எக்ஸ் − 5)னு வைங்க. எக்ஸ் 3க்குக் குறையக்கூடாது, 5 ஆகவும் கூடாது. எழுதறப்போ [3, 5) ∪ (5, ∞). 3 உள்ள வரும், அதனால சதுர அடைப்பு. 5 வராது, அதனால வளைவு. முடிவிலி எண்ணே இல்லை, அதுக்கு எப்பவும் வளைவுதான். அவ்ளோதாங்க, ஒரு பீரியட் வேலை.

அந்த ஒரு பீரியடை முழுங்கிட்டா? ப்ளஸ் டூல 1/எக்ஸைத் தொகையிட்டு லாக் |எக்ஸ்|னு எழுதறான். அந்த ரெண்டு குச்சி எதுக்குடான்னா முழிக்கறான். 1/எக்ஸ் மைனஸ் எண்ணையும் ஏத்துக்கும், லாக் ஏத்துக்காது, அதுக்குத்தான் குச்சி. யாரும் சொல்லித்தரலை. குச்சி போட்டா மார்க்கு, மறந்தா திட்டு. ஆனா சென்டம் வாங்கிடறான்!

நான் பிழைக்கற சாஃப்ட்வேர் தொழில்ல இதுக்குப் பேரு இன்புட் வேலிடேஷன். பூஜ்ஜியத்தால வகுத்து ப்ரோக்ராம் படுத்துக்குதுன்னா, எவனோ சார்பகம் பாக்காம எழுதியிருக்கான்னு அர்த்தம். அங்க சென்டம் வந்து காப்பாத்தாது :-)

தேர்வு போனதுல எனக்கு வருத்தமில்லை. 10, 11, 12னு வருசா வருசம் பொதுத்தேர்வு வெச்சா அது பசங்களுக்குத் தண்டனைதான். ஆனா காவக்காரனை அனுப்பிட்டு கதவையும் தொறந்து வெச்சா எப்படி? பாடம் நடக்குதான்னு யார் பாக்கறது?

பெத்தவங்களே, லட்சக்கணக்குல ஃபீஸ் கட்டப் போறப்போ "போன வருசம் எத்தனை சென்டம்?"னு கேக்காதீங்க. "ப்ளஸ் ஒன் கணக்குல முதல் பாடத்தை எந்த மாசம் நடத்துவீங்க?"னு கேளுங்க. அதுலதான் சார்பகம் இருக்கு. பதில் வரலைன்னா, செக்கை மடிச்சு பாக்கெட்ல வெச்சுட்டு நடையைக் கட்டுங்க.